கொடி மடிப்பில் மூன்று நீலத் தையல்

எங்கள் பெண்கள் தையல் சங்கத்துக்கு இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் தங்கள் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று ஷீபா ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் பாறசாலையில் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். கூட்டத்தில் பெயர் கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்லுகிற ஆள். ஒரு மாதமாக அந்த நோட்டு அரிசிப் பானையின் மூடிமேல் கிடந்தது.

போன வாரம் சங்கத்தில் எல்லாரும் பட்டன் வைத்துக்கொண்டிருந்தோம். டிவியில் செய்தி ஓடியது. ஒரு பெரிய நாடு ஒரு சின்ன நாட்டுக்குள் புகுந்திருக்கிறது. எந்த நாடு என்று நான் எழுதவில்லை. நீங்கள் வாசிக்கும்போது அது வேறு நாடாக மாறியிருக்கும். ஷீபாவின் கணவன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமி, நீங்க குவைத்துல யுத்தம் கண்ட ஆளாக்கும். இவனுவ இப்படி ஒருத்தனுக்க நாட்டுல போயி கேறுவானுவ, கேக்க ஆளு கிடையாதா?”

“நீ போயி கேளுட்டீ, பட்டனும் கொண்டு போ,” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். ஷீபா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

இதில் ஷீபாவின் வீட்டாருக்கு நான் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று உண்டு. எழுதி முடிக்கும்வரை தைரியம் நிற்குமா என்று தெரியவில்லை. அதனால்தான் முதலிலேயே எழுதிவிட்டேன், சொல்லப்போகிறேன் என்று. இனி பின்வாங்க முடியாது.

முதலில் எங்கள் பத்து சென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு நிலம் கொடுக்கும் சட்டம் வந்தபோது அப்பாவுக்குப் பத்து சென்ட் கிடைத்தது. சர்வேக்காரர் சங்கிலி பிடித்து அளந்து நாலு மூலையிலும் கல் நட்டார். அப்பா அன்று கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது மேற்கு மூலைக் கல் இரண்டும் எங்கள் பக்கமாக வந்திருந்தன. எங்கள் தென்னை ஒன்று நிலத்துக்காரரின் வேலிக்கு உள்ளே நின்றது. அப்பா போய்க் கேட்டார். “மழைக்கு மண்ணு நீங்கும்போ கல்லும் கூட நடந்திருக்கும்” என்று நிலத்துக்காரரின் காரியஸ்தன் சொன்னானாம். விசாரிக்க வந்த அதிகாரி நிலத்துக்காரர் வீட்டு வராந்தாவில் இருந்து சாயா குடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனார்.

“கல்லு நடந்து போச்சாம் மக்கா,” என்று அப்பா அம்மாவிடம் வந்து சொன்னார். “நடக்கிய கல்லு அவருக்க பக்கமாட்டு மட்டும் ஏன் நடக்காதுண்ணு கேக்க எனக்க நாக்கு எழும்பல்ல.”

கல்லைப் பிடுங்கினவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வாழ்ந்து நன்றாக இறந்தார். தென்னை இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

தையல் கற்றது பக்கத்து ஊரான கொல்லயிலில் ஒரு கடையில். பாலராமபுரத்துத் துணி வரும். ஓரம் அடித்துக் கொடுப்போம். முழுக்கப் பருத்தி. தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு, துணியை லேசாக நனைத்து நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் ஊசி போன ஓட்டை தானே அடைந்துவிடும். ஆறேழு வருஷம் அங்கே இருந்தேன். பிறகு கணவர் இறந்தார். இரண்டு பெண்பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டுவேலை விசாவில் குவைத்துக்குப் போனேன். போன வீட்டுக்காரியை நாங்கள் ‘மாமா’ என்று கூப்பிடுவோம். அங்கே எஜமானியை அப்படித்தான் அழைப்பது. அவளுக்குச் சொந்தமாக ஒரு தையல்கடை இருந்தது. நான் ஒருநாள் அவள் பர்தாவின் ஓரத்தைத் தைத்துக் கொடுத்ததைப் பார்த்தாள். அடுத்த வாரமே என்னைக் கடையின் பின்னறையில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டாள்.

அந்தப் பின்னறைக்குத் தலைவர் செல்லையன் மாஸ்டர். களியக்காவிளைக்குப் பக்கத்து ஆள். ஷீபாவின் மாமனார். அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது எத்தனையோ வருஷம் கழித்து.

மாஸ்டர் கழுத்தில் டேப் தொங்கும், ஆனால் அவர் அதை எடுத்து நான் பார்த்ததில்லை. சாண் போட்டே வெட்டுவார், ஒரு நூல் பிசகாது. யாரையும் திட்டமாட்டார். தையல் சரியில்லை என்றால் அந்தத் துணியைக் கொண்டுவந்து நம் மெஷின்மேல் வைப்பார். அதன்மேல் தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை வைப்பார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். நாம் இருந்து பிரிக்க வேண்டும். திட்டினால்கூட இதைவிட நன்றாயிருக்கும் என்று தோன்றும்.

கடையில் பர்தாவும் பள்ளிச் சீருடையும் தைத்தோம். அதோடு அந்த நாட்டுக் கொடியும் தைப்போம். குவைத்துக் கொடியில் மேலே பச்சை, நடுவே வெள்ளை, கீழே சிவப்பு. கயிறு கட்டும் பக்கத்தில் கறுப்புத் துண்டு ஒன்று, இரண்டு முனையும் சரிவாக வெட்டினது. துணி பாலியஸ்டர். மூன்று பட்டையையும் ஓரத்துக்குள் ஓரம் மடக்கி இரட்டைத் தையல் போட வேண்டும். கறுப்பை மேலே வைத்து, அதையும் இரட்டையாக ஓட்ட வேண்டும். தையல் மிகவும் சின்னதாக, நெருக்கமாக இருக்க வேண்டும். “கொடி காத்துக்குள்ள பண்டமாக்கும். காத்து முதல்ல நூலத்தான் தின்னும்,” என்பார் மாஸ்டர்.

கயிறு நுழைகிற மடிப்புக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில், தைத்தவள் தன் நூலால் மூன்று தையல் போட வேண்டும். கொடி கிழிந்து திரும்பி வந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே, அதற்காக. என்னோடு இருந்த இரண்டு சிலோன் பெண்களும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் கிடந்த நீலம் எனக்கு வந்தது. ஐந்து வருஷம் அந்த மூன்று தையலைப் போட்டேன். கடைசியில் கை அதைத் தானே போடும், நான் நினைக்க வேண்டாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈராக் பட்டாளம் புகுந்த அன்று மாமா குடும்பத்தோடு வெளிநாட்டில் இருந்தாள். வெயில் காலத்தில் வசதியுள்ளவர்கள் எல்லாரும் அப்படிப் போய்விடுவார்கள். காலையில் ரொட்டி வாங்கப் போனேன். ரவுண்டானாவில் டாங்கி நின்றது. அதன்மேல் ஒருவன் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தான். ரொட்டிக்கடைக்காரர் ஒரு ரொட்டியும் தராமல் ஷட்டரை இழுத்தார். அவ்வளவுதான் நான் கண்ட யுத்தம். ஒரு வாரத்தில் ரேடியோவில் சொன்னார்கள், இனி குவைத்து என்று ஒரு நாடு கிடையாது, அது ஈராக்கின் ஒரு பகுதி என்று. கல் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாட்டின் நாலு மூலைக் கல்லும் ஒரே நாளில் நடந்துவிட்டது.

சிலோன் பெண்கள் தங்கள் ஆட்களோடு போய்விட்டார்கள். கடையில் மாஸ்டரும் நானும் மட்டும். பின்னறை அலமாரியில் பள்ளிகளுக்காகத் தைத்து முடித்த குவைத்துக் கொடிகள் மூட்டையாக இருந்தன. அந்தக் கொடி ஒரு வீட்டில் அகப்பட்டால் வீட்டு ஆண்களைக் கொண்டுபோகிறார்கள் என்று தெருவில் பேச்சு. எரித்தால் புகை வரும். குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே கை தானாக நின்றுவிடும்.

இந்த நிலையில்தான் ஒரு கேப்டன் வந்தான். சின்ன வயது, மீசை ஒழுங்காக வெட்டியிருந்தான், மரியாதையாகப் பேசினான். பள்ளிகளிலும் ஆபீசுகளிலும் ஏற்ற எங்கள் கொடி வேண்டும், மூன்று நாளில் தைத்துத் தா என்றான். துணி இல்லை என்றார் மாஸ்டர். துணிக்கடைகள் எல்லாம் சூறையாடப்பட்டிருந்தன. “தையல்கடையில் துணி இல்லையா?” என்று கேப்டன் சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் இல்லை என்று சொல்ல முடியாது.

அவன் போனபிறகு மாஸ்டர் வெகுநேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் கொடியில் மேலே சிவப்பு, நடுவே வெள்ளை, கீழே கறுப்பு. வெள்ளையில் மூன்று பச்சை நட்சத்திரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே நாலு நிறம்தான். சிவப்பும் வெள்ளையும் பழைய கொடியில் இருக்கிறது. பச்சையை வெட்டி நட்சத்திரமாக்கலாம். கறுப்புக்குப் பர்தாத் துணி இருக்கிறது. மாஸ்டர் மூட்டையைக் கொண்டுவந்து என் மெஷின்மேல் வைத்தார். அதன்மேல் பிரிக்கிற கத்தியை வைத்தார்.

பிரித்தோம். தப்பே இல்லாத தையலைப் பிரிப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் பிரித்தோம். பிரித்து முடித்தபோது மாஸ்டர் ஒரு சிவப்புப் பட்டையைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புத் துண்டு இருந்த இடத்தில் சரிவாக ஒரு வரி ஓட்டை. வெள்ளையிலும் நெட்டுக்கு ஒரு வரி.

“பிள்ளே, இது தெரியுமே,” என்றார்.

“நனைச்சு நகத்த வச்சு தேய்ச்சா அடைஞ்சிரும் மாஸ்டரே. நான் எத்தனையோ துணியில செய்ததாக்கும்,” என்றேன்.

அது நான் செய்த முதல் தப்பு. கொல்லயிலில் பருத்தி. இது பாலியஸ்டர், அதில் ஊசி குத்தினால் குத்தினதுதான். ராப்பகலாக நகம் தேய்ந்தது. மேஜையில் விரித்தால் ஒன்றும் தெரியவில்லை, துணிக்கு அடியிலிருந்து வெளிச்சம் வராதே. நாங்கள் அடைந்துவிட்டது என்று நம்பினோம். கொடியை யாரும் மேஜையில் விரித்துப் பார்க்கமாட்டார்கள், வெயிலில் ஏற்றித்தான் பார்ப்பார்கள் என்பது அந்த நேரத்தில் ஐந்து வருஷம் கொடி தைத்த எனக்குத் தோன்றவில்லை.

கேப்டன் வந்தான், எண்ணாமல் வாங்கினான். “நல்ல தையல்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் நடுப்பகல் வண்டி வந்து நின்றது. மாஸ்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவன் கையில் ஒரே ஒரு கொடி. சிரிப்பு இல்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, கொடியை இரண்டு கையாலும் வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தான். பின்னறையில் இருந்த எனக்கே தெரிந்தது. சிவப்பில் சரிவாக ஒரு ஒளிக்கோடு. வெள்ளையில் நேராக ஒன்று. புள்ளி புள்ளியாக, பழைய நாடு அப்படியே புதுக் கொடிக்குள் நின்றது.

பிறகு அவன் மடிப்பைப் பிரித்துக் காட்டினான். உள்ளே மூன்று நீலத் தையல்.

என் கை தானே போட்டிருக்கிறது! ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும். நான் அறியவே இல்லை. அவன் அதை ரகசியக் கூட்டத்தின் அடையாளம் என்று நினைத்துவிட்டான். ஒளிந்திருந்து எதிர்க்கிற ஆட்கள் அப்போது ஊருக்குள் உண்டு. எங்கள் ஓட்டையும் என் நீலமும் சேர்ந்து அவன் கண்ணுக்கு ஒரு சதியாகத் தெரிந்திருக்கிறது. “இது யாருடைய கை?” என்று கேட்டான்.

அவன் கேட்கும் முன்னே, வண்டியைப் பார்த்த அந்த நேரத்திலேயே, மாஸ்டர் பின்னால் வந்து என் மெஷினிலிருந்து நீல நூல்கண்டை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டிருந்தார். அவர் ஏன் எடுக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேப்டன் கேட்டதும் புரிந்தது, என் கை என்று சொல்ல வாய் திறந்தேன்.

“நீ மிண்டாதே,” என்றார். “உனக்கு ரெண்டு பெம்பிள்ளைய உண்டு.”

“ஒங்களுக்கும் பிள்ளை உண்டே மாஸ்டரே.”

“எனக்க பிள்ளைக்கு அம்மை கூட இருக்கா. உனக்க பிள்ளையளுக்கு யாரு உண்டு?”

முன்னால் போய் நூல்கண்டை எடுத்துக் காட்டி, அது தன் அடையாளம், தையல்காரர் வழக்கம், வேறொன்றும் இல்லை என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார். கேப்டனோடு வந்த பட்டாளக்காரர்கள் கேட்டுக்கொண்டே அவரை வண்டியில் ஏற்றினார்கள். செருப்பு கடைக்குள்ளேயே கிடந்தது.

இந்தியாக்காரர்கள் கூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தேன். அவர் செருப்பைப் பையில் கொண்டுபோனேன். ஊருக்குப் போகும் பஸ் இன்று வரும், நாளை வரும் என்றார்கள். வரவேண்டாம் என்று ஜெபித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பதினோராம் நாள் மாஸ்டர் நடந்து வந்தார். வலது கை பழைய துணியில் சுற்றியிருந்தது. பெருவிரலையும் அடுத்த விரலையும் ஒடித்திருந்தார்கள்.

“கத்திரி பிடிக்கிய விரல் எதுண்ணு அவனுவளுக்கு நல்லா தெரிஞ்சிருக்கு,” என்றார். “அவனுவளுக்க ஊருலயும் நல்ல தையல்காரன் இருப்பான் போல.” அப்படிச் சொல்லிவிட்டுச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டார். நான் அழுதேன். அவர் சிரித்தார்.

பாலைவனம் தாண்டி ஜோர்டான் வந்து விமானம் ஏறினோம். வழியெல்லாம் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “தங்கபாய்க்கு நீ இது சொல்லாண்டாம். கையில கடை ஷட்டர் விழுந்துதுண்ணு நான் சொல்லியேன். அவளுக்க புருஷன ஒருத்தன் பிடிச்சு வச்சு விரல ஒடிச்சான்னு அவ அறியண்டாம். அறிஞ்சா அவ ஒறங்கமாட்டா.” தங்கபாய் அக்கா அவர் மனைவி. நான் சத்தியம் செய்தேன்.

யுத்தம் முடிந்து நான் திரும்பவும் அதே கடைக்குப் போனேன், பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே. மாஸ்டர் வரவில்லை, விரல் சரியாகக் கூடவில்லை. ஈராக்குக்கு நல்ல தண்டனை கிடைத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். கிடைத்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர்களைவிடப் பெரியவர்கள் இருந்தார்கள், கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் பெரியவர்கள் குவைத்து வழியாகவே ஈராக்குக்குள் போனார்கள். எங்கள் கடைக்கு அவர்களுடைய கொடிக்கு ஆர்டர் வந்தது. நட்சத்திரம் அச்சடித்த துணி வந்தது. கோடுகளை மட்டும் நாங்கள் வைத்துத் தைத்தோம். நான் பயந்து பயந்து மாமாவிடம் கேட்டேன்: இவர்களை யார் கேட்பார்கள்?

“அவர்கள் எங்களை மீட்டவர்கள்” என்றாள் மாமா. அது உண்மை. அவள் வீட்டுக்கு அவள் திரும்பி வந்தது அவர்களால்தான். மேலே பேச எனக்கு அரபி போதவில்லை. ஆனால் மெஷினில் உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது: ஈராக்கிலும் ஒரு தையல்கடை இருக்குமே. அங்கேயும் ஒருத்தி பிரித்துக்கொண்டு இருப்பாளே. அவளுடைய மாஸ்டருக்கு என்ன ஆனது?

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஷீபா கேட்டதும் இதுதான். கல்லைப் பிடுங்கினவனைவிடப் பெரியவன் ஒருவன் இருந்தால் கேட்பான். அவனே பிடுங்கினால்? டிவியில் பெரிய பெரிய மனிதர்கள் வருந்துகிறோம், கண்டிக்கிறோம் என்கிறார்கள். அதிகாரி சாயா குடித்துவிட்டு பஸ் ஏறுகிறார். எனக்கு இப்போதெல்லாம் செய்தி போட்டால் விரல் வலிக்கிறது. ஒடிந்தது என் விரல் இல்லை.

ஊரோடு வந்தபின் மாஸ்டர் வீட்டுக்கு அடிக்கடி போவேன். தங்கபாய் அக்கா சாயா கொடுத்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சொல்லுவாள்: “இஞ்ச பாரு ஞானப்பூ, ஒரு ஷட்டர் விழும்போ கைய எடுக்கத் தெரியாத மனுஷனுக்குத்தான் நான் வாழ்க்கப்பட்டேன். அந்தக் கை இருந்தா நாங்க ரெண்டு மாடி கெட்டியிருப்போம்.” மாஸ்டர் என்னைப் பார்ப்பார். நான் சாயாவைப் பார்ப்பேன். எத்தனை நூறு தடவை! சில நாள் அவள் நிஜக் கோபத்தோடு சொல்லுவாள். மாஸ்டர் அதற்கும் சிரிப்பார்.

போன வருஷம் அவர் இறந்தார். சவப்பெட்டியில் அந்தக் கையை மாலைக்குள் மறைத்து வைத்தார்கள். அப்போதும் அக்கா அழுதுகொண்டே அந்த ஷட்டரைத்தான் திட்டினாள். நான் சுவரோடு நின்றேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் அது. மீதி பாதி, அவர் கை போனது என்னால் என்று சொல்ல எனக்குப் பயம்.

அந்தக் கேப்டன் எங்கோ பேரப்பிள்ளைகளோடு இருப்பான். அவனை அனுப்பினவர்களைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. யாரும் யாரையும் கேட்காத உலகத்தில், கேட்காமலே தலை கொடுத்த ஒரு மனிதரை அவர் வீட்டாரே கவனமில்லாதவர் என்று நினைத்துக்கொண்டு இருக்க விடுவது சரியில்லை. அது ஒன்றாவது என் கையில் இருக்கிறது.

அந்தக் கொடிகளுக்குப் பிறகு நான் எந்தத் துணியிலும் அடையாளம் போட்டதில்லை. சங்கத்தில் எல்லாரும் போடுவார்கள், நான் போடமாட்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஷீபா, உன் மாமியாருக்கு எழுத்து தெரியாது. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னே நீ அவளுக்கு வாசித்துக் காட்டு. பகலில் வாசி, நீ பக்கத்தில் இரு. ஷட்டர் விழவில்லை என்று சொல். அக்காவுக்கு என்மேல் கோபம் வந்தால், நான் வீட்டில்தான் இருக்கிறேன், கதவு திறந்துதான் கிடக்கும்.

அந்த நீலத் தையல் என்னுடையது.

ஞானப்பூ